ஜாடிக்கு வைத்த கணப்பு

நஞ்சன்கூட்டு ஆற்றுப் பாலத்தைத் தாண்டிய பிறகு நான் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே ஓர் ஆலையில் மழைக்காலம் முழுக்க அமில டிரம் உருட்டியிருந்தேன். கையில் தோல் உரிந்து, வளர்ந்து, மறுபடி உரிந்தது. ஒரு காலையில் ஷிப்டுக்குப் போகாமல் மைசூர் ரோட்டில் நடக்க ஆரம்பித்தேன். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஏழாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு வந்ததும் இப்படித்தான்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி, கார்த்திகை பாதி. மார்கழிக் குளிர் முன்கூட்டியே வந்திருந்தது. தோளில் ஒரு துணிப்பையும் கம்பளியும் இருந்தன. ஆட்டு மயிரில் நெய்த கறுப்புக் கம்பளி, எங்கள் ஹனூர்ச் சந்தையில் வாங்கியது. மழையில் நனைந்தால் ஓர் ஆள் எடை இருக்கும். ஆனால் அதைப் போர்த்திக்கொண்டு எந்த பஸ் ஸ்டாண்டிலும் படுக்கலாம்.

ரோட்டோரத்தில் ஒருவர் செயின் அறுந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அறுபது வயதிருக்கும். கேரியரில் ஒரு மூட்டை. காவிரிக் கலவரம் நடந்து சில வருடங்கள் ஆகியிருந்தாலும், முன்பின் தெரியாதவர்களிடம் ரோட்டில் தமிழ் பேச நாங்கள் யோசிப்போம். ஒரு லாரி என்னை உரசிக்கொண்டு போனபோது வாய்தவறித் தமிழில் திட்டிவிட்டேன். அவர் நின்றார்.

"தமிழா?"

"ஆமாங்க."

"அந்தக் கம்பளி விக்கிறதுக்கா?"

"இல்லீங்க. படுக்கறதுக்கு."

அவர் கம்பளியின் ஓரத்தைப் பிடித்து, துணிக்கடையில் புடவையைப் பார்ப்பதுபோல விரலால் தேய்த்துப் பார்த்தார். "வேலை இருக்கா?"

"விட்டுட்டு வர்றேனுங்க."

"அப்ப மூட்டையைப் பிடி. கம்பளியோட வா, சோறு போடறேன்."

அப்படித்தான் அந்த வீட்டுக்குப் போனேன்.

மைசூரில் ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீடுகளின் வரிசை. அவருடையது இரண்டே அறை. கிறிஸ்தவக் குடும்பம். அவர் குடகில் ஒரு காப்பித் தோட்டத்து பங்களாவில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது கல்யாண வீடுகளுக்குச் சமைக்கப் போவார். அவர் மனைவி பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவர். ஆஸ்துமாவால் வேலையை விட்டுவிட்டு உள்ளறைக் கட்டிலில் பாதி நாள் உட்கார்ந்தும் பாதி நாள் சாய்ந்தும் இருந்தார். ஒரே மகள் நர்ஸ். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள்.

கடைசியாக வந்தது கோலார் தங்கவயலில் இருந்து. மாப்பிள்ளையின் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சமையல்காரர் தோட்டத்துத் துரையிடம் கற்றுக்கொண்ட முறையில் வருடா வருடம் வீட்டிலேயே பீர் போடுவார். மிச்சமிருந்த போன வருடத்து பாட்டில் ஒன்றைத் திறந்து கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளையின் அப்பா குடித்துவிட்டு, "கிறிஸ்துமஸுக்கு வர்றேன். புதுசு போட்டு வைங்க. குடிச்சுக்கிட்டே தேதி வச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பீர் இல்லாவிட்டாலும் அந்த மனிதர் தேதி சொல்லியிருப்பார் என்று இப்போது நினைக்கிறேன். அந்த வீட்டில் அப்போது யாரும் அப்படி நினைக்கவில்லை.

மூட்டையில் இருந்தது ராகி. முளைகட்டிக் காயவைத்து, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, வெல்லம் போட்டுக் காய்ச்ச வேண்டும். துரை வீட்டில் கசப்புக்கு ஏதோ சீமைப்பூ போடுவார்களாம். இங்கே நிலவேம்பு. ஆறிய பிறகு பேக்கரி ஈஸ்ட்டைக் கலந்து, பெரிய பீங்கான் ஜாடியில் ஊற்றித் துணி கட்டி வைத்தால், அது நுரைத்துப் புளித்து பீராகும். வெயில் காலத்தில் தானாகவே ஆகும். மார்கழியில் ஆகாது. குளிர் பட்டால் ஈஸ்ட் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படியே நின்றால் கெட்டுப்போகும். அவர் முதலில் போட்டது அப்படித்தான் கெட்டிருந்தது. சாக்கடையில் கொட்டிவிட்டு இரண்டாவது முறைக்கு ராகி வாங்கி வரும்போதுதான் என்னைப் பார்த்தார். இதுவும் கெட்டால் இன்னொன்று போடக் கிறிஸ்துமஸுக்குள் நாள் இல்லை.

ஜாடிக்குச் சூடு குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. சாப்பாடும் வராந்தாவில் படுக்கையும் உண்டு. என் கம்பளி ஜாடிக்குப் போனது, எனக்கு இரண்டு கோணி. சுற்றி வைக்கோல் வைத்தோம். வெந்நீர் பாட்டில்களை இடுக்கில் செருகினோம். நூறு வாட் பல்பை ஜாடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டோம். கரண்ட் போனபோதெல்லாம் பல்பும் போனது. அது போகாத நாளே இல்லை. சமையல்காரர் குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் பார்ப்பதுபோல முழங்கையை ஜாடியில் வைத்துப் பார்ப்பார். பிறகு காதை வைத்துக் கேட்பார். நுரைத்தால் உள்ளே மெல்லிய இரைச்சல் கேட்கும். கேட்கவில்லை.

"எம் பொண்ணு பொறந்தப்பகூட மனுஷன் இத்தனை தடவை எட்டிப் பாக்கல, தம்பி" என்றார் அவர் மனைவி கட்டிலில் இருந்தபடி. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன்.

"அவ அழுதா. இது சத்தமே காட்ட மாட்டேங்குதே" என்றார் இவர்.

அக்கா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் இழுப்பாகி, அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. மூச்சு திரும்பியதும் சொன்னார்: "கொற மாசப் பிள்ளைங்களையே தேத்திவிட்டவ நான். இந்த ஜாடி என்ன? என் கட்டில்கிட்ட கொண்டாங்க. பிள்ளை பெத்தவ ரூம் மாதிரி வச்சிரலாம்."

எங்கள் பக்கத்திலும் அந்த வழக்கம் உண்டு. பிள்ளை பெற்றவளின் கட்டிலுக்கு அடியில் இரும்புச் சட்டியில் கரி போட்டுக் கணப்பு வைப்பார்கள். ஜன்னலில் சாக்கைத் தொங்கவிட்டு, கதவிடுக்கில் பழைய புடவையைத் திணிப்பார்கள். காற்று பட்டால் தாய்க்கு ஜன்னி கண்டுவிடும் என்று பயம். அதே மாதிரி அந்த உள்ளறையைச் செய்தோம். ஜாடி கட்டிலுக்குப் பக்கத்தில், கணப்பு கட்டிலுக்கு அடியில், சாக்கு ஜன்னலில். சமையல்காரர் ஒரு சிட்டிகை சாம்பிராணியும் போட்டார். ஏன் என்று கேட்டேன். "பழக்கம்" என்றார்.

அடுத்த நாளே ஜாடி இரைய ஆரம்பித்தது. துணியின் மேலே நுரை கசிந்து நின்றது. சமையல்காரர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். அக்கா ஜாடியைத் தட்டி, "பால் குடிக்குது பாரு" என்றார்.

மகள் டியூட்டி முடிந்து காலையில் வந்தார். உள்ளறைக்குள் போன வேகத்தில் சாக்கைப் பிடுங்கி எறிந்தார்.

"மம்மி, உங்களுக்கு என்ன பைத்தியமா? கரி எரியற ரூமை மூடி வைப்பாங்களா? அது விஷம். வாசனைகூட வராது. தெரியறதுக்குள்ள ஆள் போயிடும்."

"நீ பொறந்தப்ப இப்படித்தான்டி கெடந்தேன். செத்தா போனேன்?"

"அப்ப உங்களுக்கு இழுப்பு கெடையாது."

"இப்ப உனக்குக் கல்யாணம் கெடையாது."

மகள் அப்பாவைப் பார்த்தார். அவர் கீழே பார்த்தார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கணப்பு இருக்கலாம். ஆனால் ஜன்னலில் ஒரு ஜாண் திறந்திருக்க வேண்டும், அறையில் இன்னொருவர் இருக்க வேண்டும், அம்மாவுக்குத் தூக்கம் வந்தால் சட்டியை வெளியே கொண்டுபோய்விட வேண்டும். மகள் இதை என்னிடமும் தனியாகச் சொன்னார். "நீங்களாவது கேளுங்கண்ணா" என்றார்.

சில நாள் அப்படியே நடந்தது. ஒரு ஜாண் திறந்தால் சூடு போய்விடுகிறது என்று அக்கா புலம்பிக்கொண்டே இருந்தார். ஜாடியின் இரைச்சல் ஏறும், குறையும். அவர் கட்டிலில் சாய்ந்தபடி அதையே கேட்டுக்கொண்டிருப்பார்.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது ஒரு நாள் வானம் மூடிக்கொண்டு, காலையில் இருந்தே ஊதைக் காற்று. சமையல்காரர் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். மகளுக்குப் பகல் டியூட்டி. மத்தியானம் அக்கா காதை ஜாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, "நின்னுபோச்சு" என்றார். நானும் வைத்துப் பார்த்தேன். மிக மெதுவாகத்தான் கேட்டது.

"கரியும் தீருது, தம்பி. அக்ரஹாரத்துல கரிக்கடை இருக்கும். சைக்கிளை எடுத்துட்டுப் போ."

"உங்களை விட்டுட்டுப் போகக்கூடாதுங்களே, அக்கா."

"நான் தூங்கினாத்தானே? இந்த இருமலோட யாரு தூங்கறா? போய்ட்டு வா."

சட்டியை நான் வெளியே எடுக்கப் போனேன். விடவில்லை. அது இருக்கட்டும், ஜன்னல் திறந்துதான் இருக்கிறது என்றார். போனேன்.

கடையில் கூட்டம். கரி ஈரமாக இருந்தது, காய்ந்ததாகப் பொறுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். திரும்பியபோது உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினால் நகரவில்லை. அடியில் புடவையைத் திணித்திருந்தார். தோளால் இடித்துத் திறந்தேன். ஜன்னலை முழுக்க மூடி, சாக்கை ஆணியில் மாட்டியிருந்தார். எழுந்து நடந்து அத்தனையும் செய்துவிட்டு மறுபடி கட்டிலில் போய்ச் சாய்ந்திருக்கிறார். ஒரு கை ஜாடியின் மேல் இருந்தது. முகம் நல்ல சிவப்பாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ கொண்டுவந்தார். பிரயோஜனம் இல்லை. அறையில் ஜாடி நன்றாக இரைந்துகொண்டிருந்தது.

மகள் வந்தபோது அழவில்லை. கூரையைப் பார்த்தபடி நின்றார். "நான் பொறந்தது ஓட்டு வீடு" என்றார். "ஓட்டிடுக்குல எல்லாம் போயிடும். இது கான்கிரீட்." யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அவர் அப்பா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்.

கோலாரில் இருந்து மாப்பிள்ளை வீட்டார் அடக்கத்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பெரிய உடம்பு, தலைமயிர் முழுக்க வெள்ளை. கோயிலில் பூசை முடிந்து கல்லறைக்குப் போய் மண் போட்ட பிறகு, வாசலில் சமையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வருஷம் திரும்பட்டும். அப்புறம் பேசலாம்."

"சரிங்க."

அவர்கள் ரயிலுக்குப் போனார்கள். வீட்டுக்கு வந்ததும் மகள் சொன்னார்: "அவங்க வர மாட்டாங்கப்பா."

"வருவாங்கம்மா. வருஷம் திரும்பட்டும்னாரே."

"எனக்கு வேண்டாம்."

பிறகு உள்ளறையைக் காட்டி, "அந்த ஜாடி இந்த வீட்டுல இருக்கக்கூடாது" என்றார்.

சமையல்காரர் என்னைப் பார்த்தார். "குழி வெட்டினவங்களுக்கு ஏதாவது குடிக்கக் குடுக்கணும். நான் குடுக்கவே இல்லை. இதைக் கொண்டுபோய்க் குடுத்துடு, தம்பி. ஜாடியையும் அங்கேயே விட்டுடு."

சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போனேன். கல்லறைத் தோட்டத்து மூலையில் தகரக் கொட்டகை. குழி வெட்டுகிறவர்கள் இரண்டு பேர், அண்ணன் தம்பி, அவர்களும் தமிழர்கள். வேலை முடிந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அலுமினிய டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். அண்ணன்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா இது, காய்ச்சல் கஷாயமா?"

"பீருங்க. வீட்டுல போட்டது."

"நிலவேம்புல பீரா? இதுக்குச் செத்தவங்களே தேவலாம்போல." சொன்ன பிறகு தன் தம்பியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "தப்பா எடுத்துக்காதப்பா" என்றார். ஆனால் டம்ளரை நீட்டினார். தம்பியும் நீட்டினார். எனக்கும் ஊற்றினார்கள். நன்றாகவே வந்திருந்தது. முதலில் ராகி வாசனை, பிறகு கசப்பு, கொஞ்சம் இனிப்பு மிச்சம். இன்னும் சில நாள் விட்டிருந்தால் அந்த இனிப்பும் போயிருக்கும்.

"எங்க தங்கியிருக்க?" என்றார் அண்ணன்காரர்.

"இனிமேத்தான் பாக்கணுங்க."

"மண்வெட்டி பிடிப்பியா? இவனுக்குக் குடல் இறக்கம், குனிய முடியல. நாளைக்கு ஒரு குழி இருக்கு. கொட்டகையில படுத்துக்க."

சைக்கிளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். வராந்தாவில் யாரும் இல்லை. உள்ளே இரண்டு பேரும் தனித்தனியாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பையை மட்டும் எடுத்துக்கொண்டேன், கம்பளியைக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் வேலைக்கு இறங்கினேன். புல்லெல்லாம் பனி. மேல்மண் குளிர்ந்து இறுகிப் போயிருந்தது, மண்வெட்டி பிடித்த கை விறைத்தது. இடுப்பளவு ஆழம் போனதும் வெறுங்காலுக்குக் கீழே மண் வெதுவெதுப்பாக இருந்தது. மேலே மார்கழி இருப்பதே தெரியவில்லை. குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஜாடியை வீட்டுக்குப் பின்னால் இந்த ஆழத்தில் இறக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டு மூடியிருந்தால் போதும். கரி வேண்டியதில்லை, சாக்கு வேண்டியதில்லை.

"என்ன, உள்ள கதகதப்பா இருக்கா?" என்றார் அண்ணன்காரர் மேலே இருந்து. "எப்பவும் அப்படித்தான். இன்னும் ஒரு அடி வெட்டு. பத்து மணிக்குக் கொண்டாந்துடுவாங்க."

வெட்டினேன்.