கார்களுக்கு ஒரு பிறப்புப் பதிவேடு

முதலில் கைக்குட்டையில் எச்சில். அதைக்கொண்டு காரின் முன்கண்ணாடியில் இடது கீழ் மூலையை ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் துடைக்கிறார். பிறகு டார்ச். பிறகு, கழுத்தில் நூல் கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி. இத்தனை ஆயத்தம் செய்தும், அங்கே பொறித்திருக்கும் எண்ணை உடனே படிப்பதில்லை. நிமிர்ந்து, கார் வாங்க வந்தவனை ஏற இறங்கப் பார்க்கிறார்.

“உன் பேரு?”

“லாஷா.”

“எங்க பொறந்தே?”

“காரு வாங்கறதுக்கு அது எதுக்கும்மா?”

“அது எங்க பொறந்துச்சுன்னு தெரிஞ்சுக்கத்தானே வந்திருக்கே? உன்னோடதைச் சொன்னா என்ன கொறைஞ்சுபோகும்?”

“குட்டாயிசி.”

நோட்டைத் தொடையில் விரித்து, வயலெட் மையில், சாய்வான கையெழுத்தில் எழுதிக்கொள்கிறார். அதன் பிறகுதான் குனிவார். இவர்தான் நனூலி அக்கா. ருஸ்தாவி கார்ச் சந்தையில் எட்டாவது வரிசையின் தொடக்கத்தில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர். பக்கத்தில் கார்களுக்கு ரப்பர் விரிப்பு விற்கிறவன் நான். ஆறு வருஷமாக இரண்டு பேரும் ஒரே காற்றில் நடுங்குகிறோம்.

அக்கா முப்பத்து நான்கு வருஷம் நகரத்துப் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்ற மறு மாதம், கார் வாங்கப் போன பக்கத்து வீட்டுக்காரருக்குத் துணையாக இங்கே வந்தார். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பதினேழு எழுத்தில் கார் எந்த நாட்டில், எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது என்பதெல்லாம் இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். “அப்ப இதுவும் பிறப்புச் சான்றிதழ்தானே!” என்று அங்கேயே உட்கார்ந்தவர்தான். இன்னும் எழுந்திருக்கவில்லை. கூலி, ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதை.

முதல் எழுத்து டபிள்யூ என்றால் ஜெர்மனி. கே என்றால் கொரியா. ஒன்று, நான்கு, ஐந்து என்று எண்ணில் தொடங்கினால் அமெரிக்கா. அவை பெரும்பாலும் அங்கே எதிலாவது மோதி, இங்கே வந்து கட்டுப் போட்டுக்கொண்டவை. எல் என்றால் சீனா. இப்போது வருகிற மின்சாரக் கார்களில் எங்கு பார்த்தாலும் எல்தான். விற்கிறவர்கள் அந்த ஓர் எழுத்தை மறைக்கப் படும் பாட்டை எழுதினால் இந்தப் பத்திரிகை முழுவதும் போதாது.

ஆனால் அக்கா முதல் எழுத்தோடு நிற்க மாட்டார். “பொறந்த வீடு ஒண்ணு, புகுந்த வீடு ஒண்ணு. ரெண்டையும் பாக்கணும்” என்பார். அதாவது, சீனாவில் செய்த கார் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. ஐரோப்பாவுக்கு அனுப்புவதற்கென்றே செய்ததும் உண்டு. அதற்கு நம் ஊர்ச் சார்ஜர் பொருந்தும், திரை நமக்குப் புரிகிற மொழியில் பேசும். சீனாவிலேயே ஓடுவதற்கென்று செய்ததும் உண்டு. அதற்குச் சார்ஜ் ஏற்றும் துளையே வேறு. வரைபடத்தைத் திறந்தால், தான் இன்னும் சோங்சிங் நகரத்து மேம்பாலத்தில் நிற்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். உள்ளே ஒரு பெண் குரல் சீன மொழியில் எதையோ எச்சரித்துக்கொண்டே வரும். என்ன எச்சரிக்கிறாள் என்று விபத்துக்குப் பிறகுதான் தெரியும். இவற்றில் சிலவற்றைப் பின்சீட்டுக்காரர் கால் நீட்டுவதற்காக ஒரு சாண் நீட்டிச் செய்திருப்பார்கள். என் ரப்பர் விரிப்பு அவற்றுக்குப் பொருந்தாது. அந்த வகையில் எனக்கும் அவற்றின் மீது தனிப்பட்ட பகை உண்டு.

வியாபாரிகள் அக்காவை விட்டுவைத்திருப்பது ஒரே ஓர் ஒப்பந்தத்தால். வாங்குகிறவன் வாய் திறந்து கேட்டால்தான் அக்கா படிப்பார். கேட்காதவன் காரை அவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். கேட்டவனோ, தன் பெயரையும் பிறந்த ஊரையும் சொல்லியாக வேண்டும். “பதிவுன்னா பதிவு. பாதிப் பதிவுன்னு ஒண்ணு கெடையாது.” எதுவாக இருந்தாலும் மைதான். பென்சில் ஒன்று காதில் செருகியிருக்கும். அது குறுக்கெழுத்துப் போட்டிக்கு மட்டும். “பென்சில்ல எழுதறவன் நாளைக்கு மாத்தி எழுதப்போறவன்” என்பது அக்காவின் கட்சி.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அவரிடம் கொஞ்சம் பயம். அவருடைய சொந்தத் தம்பி மகன் கேலாவுக்கு அவர் செய்ததைக் கேட்டால் உங்களுக்கும் பயம் வரும்.

அக்கா பதிவு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம். தம்பி மனைவிக்கு வலி எடுத்து, ருஸ்தாவியிலிருந்து திபிலிசிக்குப் பேருந்தில் கிளம்பியிருக்கிறார்கள். பிள்ளை தலைநகரத்தில் பிறக்க வேண்டும் என்று தம்பிக்கு ஆசை. பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை இல்லை, பேருந்திலேயே பிறந்துவிட்டான். பதிய வந்த தம்பி, “திபிலிசின்னு எழுதுக்கா” என்றான். அக்கா டிரைவரை அழைத்துக்கொண்டு போய், வண்டி நின்ற இடத்திலிருந்து ‘திபிலிசி’ என்ற பெயர்ப் பலகை வரைக்கும் நடந்து அளந்தார். நூற்றுப் பதினோரு அடி குறைந்தது. எழுதினார்: பிறந்த இடம், கார்தபானி வட்டம்.

கார்தபானி நல்ல ஊர்தான். கத்தரிக்காய்க்குப் பெயர்போனது. ஆனால் கேலா வளர்ந்தது, படித்தது, பெண் கட்டியது, மினி பேருந்து ஓட்டியது எல்லாம் திபிலிசியில். “நாங்கள்லாம் திபிலிசிக்காரங்க” என்று தொடங்காமல் அவனுக்குப் பேச வராது. பாஸ்போர்ட்டை மட்டும் யார் கையிலும் கொடுக்க மாட்டான். அத்தையோடு பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

அந்தக் கேலா, போன பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குள் வந்தான்.

குதாவுரி பனிச்சறுக்கு மலையில் ஒரு ஹோட்டலுக்கு விருந்தாளிகளை ஏற்றிப்போகும் வேலை அவனுக்குக் கிடைத்திருந்தது. மின்சாரக் கார்தான் வேண்டும், திங்கட்கிழமை காலையில் வாசலில் நிற்க வேண்டும் என்று ஹோட்டல்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கையிலிருந்த மினி பேருந்தையும் விற்றுவிட்டான். கார் அமையவில்லை என்றால் வேலை இன்னொருவனுக்கு. தப்பான கார் அமைந்தாலோ, ஆள்களோடு பாதி மலையில் பனியில் நிற்பான். மலைப் பாதையில் இருக்கும் சார்ஜர்கள் எல்லாம் ஐரோப்பிய வகை.

நேராக ஜும்பேர் வைத்திருந்த கறுப்புக் காருக்குப் போனான். ஜும்பேர் எங்கள் வரிசையில் பழைய வியாபாரி. வார்த்தைக்கு வார்த்தை அம்மா மேல் சத்தியம் செய்வான். அவன் அம்மா சந்தை வாசலிலேயே பாலாடைக்கட்டி ரொட்டி விற்கிறாள். இத்தனை சத்தியத்துக்கும் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறாள்.

“அம்மா சத்தியமா, சுத்த ஜெர்மன். பேரைப் பாரு! கதவைச் சாத்திப் பாரு, அந்தச் சத்தத்தைக் கேளு!”

கேலா கதவை ஏழு முறை சாத்தினான். ஒவ்வொரு முறையும் முகம் மலர்ந்தது. “சார்ஜ் ஏத்துற மூடியைத் தெறங்க” என்றான்.

“குளிர்ல ஒறைஞ்சுபோச்சு. வெயில் வந்தா தானா தெறந்துக்கும்.”

பத்தடி தள்ளி அக்கா சூரியகாந்தி விதையை உடைத்துத் துப்பிக்கொண்டிருந்தார். வழக்கமாக ஒன்று ஒன்றாக உடைப்பவர், அன்று கைப்பிடி கைப்பிடியாகப் போட்டுக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை. கேலாவும் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க இரண்டு பேரும் பட்ட கஷ்டத்தில் எனக்குக் கழுத்து வலித்தது.

கார் தனக்குத்தான் என்ற நினைப்பில் கேலா என்னிடம் விரிப்பு வாங்க வந்தான். அந்த மாடலுக்கு உள்ளதைக் கொடுத்தேன். பின்சீட்டுக்குக் கீழே போட்டால் ஒரு சாண் காலியாக நின்றது.

“என்ன அண்ணே, குளிர்ல ரப்பரும் சுருங்குமா?”

“என் விரிப்பு சுருங்காது தம்பி. உன் காருதான் நீளம்.”

“நீளம்னா நல்லதுதானே?”

“ஏன் நீளம்னு அதோ அவங்களைக் கேளு.”

அவன் முகம் இறுகியது. “அவங்களையா? பேரு என்ன, ஊரு என்னன்னு ஆரம்பிப்பாங்க. இத்தனை பேரு முன்னாடி அதைச் சொல்லணுமா நான்?”

“மலையில பனியில நிக்கறப்போ யாருகிட்ட சொல்லுவே?”

அவன் விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு காரை இரண்டு தடவை சுற்றினான். மூடியை நகத்தால் நெம்பிப் பார்த்தான். ஜும்பேர் மூன்று முறை அம்மாவைச் சத்தியத்துக்கு இழுத்தான். மூன்றாவது சுற்றில் கேலா விலகி வந்து அக்காவின் நாற்காலிக்கு முன்னால் நின்றான்.

“ஒரு எண் படிக்கணும்.”

அக்கா நோட்டை எடுத்தார், பேனாவைத் திறந்தார், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். “பேரு?”

“அத்தை!”

“அத்தைங்கறது பேரா?”

“கேலா.”

“எங்க பொறந்தே?”

விதை, சிகரெட், பேரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள்.

“உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே எழுதினீங்க!”

“எழுதினது எனக்குத் தெரியும். நீ சொல்லு.”

“...கார்தபானி.”

“காத்தடிக்குது, கேக்கலை.”

“கார்தபானி! கார்தபானி! போதுமா?”

“அட, நம்ம ஊருக்காரன்!” என்று பின்னாலிருந்து ஒருவர் முண்டியடித்து வந்து கேலாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். “யாரு வீட்டுப் பையன்யா நீ?”

அவரை விலக்கிவிட்டுக் காருக்குப் போனோம். முன்கண்ணாடியின் இடது மூலையில், எண் இருக்கும் இடத்தின் மேல் மிகச் சரியாக, புனித ஜார்ஜ் குதிரையில் உட்கார்ந்திருந்தார். ஜும்பேர் ஒட்டிய படம். எங்கள் ஊரில் சாமி படத்தைப் பெயர்க்க எவன் கை நீட்டுவான்? அக்கா உள்ளே குனிந்து மூன்று முறை சிலுவை போட்டார். படத்தை முத்தமிட்டார். “மன்னிச்சுக்கோ சாமி, உன்னை இவன் தப்பான எடத்துல நிக்கவச்சிருக்கான்” என்று சொல்லிப் பக்குவமாக உரித்து வலது மூலையில் ஒட்டினார்.

டார்ச். பூதக்கண்ணாடி.

“எல்” என்றார்.

“கம்பெனி ஜெர்மன்தானேக்கா!” ஜும்பேர் அலறினான்.

“அது குடும்பப் பேருடா. குடும்பப் பேரை வச்சுக்கிட்டு மலை ஏற முடியாது. மூடியைத் தெற.”

உறைந்துபோன மூடி அவர் தட்டிய ஒரே தட்டில் திறந்துகொண்டது. உள்ளே சீனத் துளை. “பொறந்ததும் அங்க, புகுந்ததும் அங்க. இவன் வேலிதாண்டிக் கூட்டிட்டு வந்திருக்கான்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். ஜும்பேர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டு, “எனக்கே தெரியாதுக்கா, அம்மா...” என்று தொடங்கி, அக்கா பார்த்த பார்வையில் பாதியில் விழுங்கினான்.

கேலா தோளில் விரிப்போடு நின்றான். சந்தை முடிய ஒரு மணி நேரம்தான் இருந்தது. எனக்கே பாவமாகிவிட்டது. அக்கா அவனைக் கேட்கவில்லை, முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மூன்றாவது வரிசைக்கு நடந்தார். அங்கே சாம்பல் நிறத்தில், யாரும் சீந்தாமல் ஒரு கார். பெயரும் சீனப் பெயர்தான். மூடியைத் திறந்து காட்டினார்; ஐரோப்பியத் துளை. கதவுப் பட்டையில் ஐரோப்பாவுக்கான முத்திரை. திரை நமக்குப் புரிகிற எழுத்திலேயே வணக்கம் சொன்னது.

“இதுவும் எல் தானே அத்தை?” கேலா முனகினான். “தெருவுல சிரிப்பாங்க.”

“பொறந்தது சீனாதான். அதுக்கென்ன? வளத்தது இந்த ரோட்டுக்குன்னே. பலகைக்கு இந்தப் பக்கம் பொறந்தவன் ஒருத்தன் அந்தப் பக்கம் இருபது வருஷமா வண்டி ஓட்டலையா?”

கேலா என்னிடம் அந்தக் காருக்கான விரிப்பை மாற்றி வாங்கினான். விரிப்பைப் பின்சீட்டுக்குக் கீழே போட்டுப் பார்த்தான். மூலைக்கு மூலை பொருந்தியது. என் தொழிலில் இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது.

காகிதங்கள் முடிந்து, ஓட்டிக்கொண்டு வெளியே போகும்போது எங்கள் முன்னால் வண்டியை நிறுத்தினான். கண்ணாடியை இறக்கி ஒரு பெரிய பொட்டலம் சூரியகாந்தி விதையை அத்தை மடியில் போட்டான். “வரேன்” என்றான். அவ்வளவுதான். அத்தை தலையை மட்டும் ஆட்டினார். கார் சத்தமே இல்லாமல் வாசலைத் தாண்டி, திபிலிசி பக்கம் திரும்பியது.

அக்கா நோட்டை விரித்தார். சாம்பல் காரின் எண், பிறந்த நாடு, புகுந்த நாடு, உரியவர் பெயர் எல்லாம் வயலெட் மையில் வரிசையாக விழுந்தன. கடைசிக் கட்டம், உரியவர் பிறந்த ஊர். பேனா அங்கே வந்து நின்றது. நான் விரிப்பு மடிக்கிற பாவனையில் எட்டிப் பார்த்தேன்.

பேனாவை மூடிப் பைக்குள் போட்டார். காதிலிருந்த பென்சிலை எடுத்து, நாக்கில் தொட்டு, சின்னதாக, ரொம்ப லேசாக எழுதினார்: திபிலிசி. பிறகு நான் பார்த்துவிட்டதைப் பார்த்து, நோட்டைப் பட்டென்று மூடி, நாற்காலியில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.