கணக்கில் இருந்த தகடு

மூடியைத் தூக்கிப் பார்க்காமல் மலர்விழி எந்தத் தொட்டித் தண்ணீரையும் குடிப்பதில்லை. நைனார்பாளையத்தில் அண்ணன் வீட்டுக்கு வந்தால், பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராக மாடியேறி, சிமெண்டுத் தொட்டியின் மூடியை நகர்த்தி உள்ளே டார்ச் அடிப்பார். கீழேயிருந்து அண்ணன் தெய்வசிகாமணி குரல் கொடுப்பார்.

"போன வாரந்தான் கழுவிவுட்டோம் மலரு."

"கழுவினத நீ பாத்தியாண்ணா, இல்ல கழுவினவன் வந்து சொன்னானா?"

அண்ணன் திண்ணையை விட்டு எழுந்து உள்ளே போய்விடுவார்.

ஐம்பதை நெருங்கும் பெண். நரையை மறைப்பதில்லை. கைப்பையில் சீப்பு இருக்காது, டார்ச் இருக்கும். கல்யாண வீட்டில் எல்லோரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவர் மண்டபத்தின் பின்பக்கம் போய் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். 'வழக்கமா அப்டித்தாங்க' என்று யாராவது சொன்னால் புருவம் சுருங்கும். சென்னை அலுவலகத்தில் இவருக்கு 'டார்ச் மேடம்' என்று பெயர். அது தனக்குத் தெரியாதது போலவே நடந்துகொள்வார்.

அணுமின் நிலையங்களின் பாதுகாப்பைச் சோதித்துக் கருத்துச் சொல்லும் குழுவில் இருபது வருடமாக இருக்கிறார். உலையில் எரிந்து முடிந்த எரிபொருள் கட்டுகளை ஆழமான குளத்தில் இறக்கி வைப்பார்கள். அந்தக் குளங்கள்தான் இவர் பொறுப்பு. எரிஞ்சு முடிஞ்சதுக்கு எதுக்கு இத்தனை தண்ணி என்று அண்ணி கேட்டபோது, "நெல்ல அவிச்சு எறக்கினா அண்டா சூடு ஒடனே போயிடுதா? அங்க வருசக்கணக்குல போவாது அண்ணி" என்றார். அதற்கு மேல் வீட்டில் வேலையைப் பற்றிப் பேசமாட்டார்.

சென்ற ஆண்டு கடற்கரையோர நிலையம் ஒன்றில் குளம் நிரம்பிக்கொண்டு வந்தது. கட்டுகளை இன்னும் நெருக்கமாக வைத்தால் அதே குளத்தில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கொள்ளும் என்று நிர்வாகம் திட்டம் கொடுத்தது. ஒரு மூலையில் ஏற்கெனவே அப்படி வைத்துப் பழகியிருந்தார்கள். நெருக்கமாக வைத்தால் ஓர் அபாயம் உண்டு. அணைந்ததாக நினைக்கும் எரிபொருள், பக்கத்துக் கட்டோடு சேர்ந்து மறுபடி தானாகவே வினைபுரியத் தொடங்கிவிடலாம். அதைத் தடுக்கத்தான் இரண்டு கட்டுகளுக்கு நடுவே போரான் கலந்த தகடு செருகுவார்கள். திட்டத்தின் கணக்குகளை மலர்விழி தானே போட்டுப் பார்த்தார். தவறே இல்லை.

கடைசிக் கூட்டத்தில், எழுந்திருக்கிற நேரத்தில், ஒரு கேள்வி கேட்டார். தகடுகள் எப்படி இருக்கின்றன என்று அறிய, அதே ரகத்தில் சில மாதிரித் துண்டுகளைக் குளத்தில் தொங்கவிட்டிருப்பார்கள்.

"அந்த மாதிரித் தகட எடுத்துப் பாத்தீங்களா சார்?"

குளத்துக்குப் பொறுப்பாளர் அறிவுச்செல்வன். தன் வேலையில் பெருமை உள்ளவர். "நல்லாத்தான் மேடம் இருக்கும். நாப்பது வருசம் தாங்கும்னு குடுத்தவங்க சொல்லியிருக்காங்க."

"இருக்கும்ன்றீங்க. இருக்குதா?"

அவர் முகம் லேசாகச் சிவந்தது. எடுத்து அனுப்புவதாகச் சொன்னார். மலர்விழியும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. எல்லோரிடமும் கேட்பதுபோல் அவரிடமும் கேட்டார், அவ்வளவுதான்.

அடுத்த வாரம் விடுப்பில் ஊருக்கு வந்தவரை அண்ணன் வாடகை ஜீப்பில் வெள்ளிமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். தெரிந்தவர் ஒருவரிடம், நடுவதற்கு மரவள்ளிக் கரணை வாங்க வேண்டியிருந்தது. மலைப்பாதையில் பாதி தூரம் போன் செத்துக் கிடந்தது. ஒரு வளைவு திரும்பியதும் சிக்னல் வந்து, அறிவுச்செல்வன் அனுப்பிய படம் ஒன்று இறங்கியது.

தகடு, எண்ணெயில் போட்ட அப்பளம்போல் கொப்பளித்திருந்தது. ஓரமெல்லாம் உதிர்ந்துவிட்டது. நடுவில் ஒரு பொத்தல். பொத்தல் வழியாகப் பின்னாலிருந்த இடுக்கியின் மஞ்சள் பெயிண்ட் தெரிந்தது.

மலர்விழிக்குக் காது அடைத்தது. ஜீப் ஓடிக்கொண்டிருப்பதும் அண்ணனும் டிரைவரும் பேசுவதும் எங்கோ தூரத்தில் நடப்பதுபோல் இருந்தது. படத்தைப் பெரிதாக்கினார், சின்னதாக்கினார், மறுபடி பெரிதாக்கினார். பொத்தல் அங்கேயே இருந்தது.

"இன்னா மலரு, யார்னா பூட்டாங்களா?" என்றார் அண்ணன். கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்த பிறகு, போனைப் பார்த்து ஒருவர் முகம் வெளுத்தால் அவருக்கு முதலில் அதுதான் வாயில் வருகிறது.

"யாரும் போவல. வண்டிய நிறுத்தச் சொல்லுண்ணா."

சாலையோரச் சிறுபாலத்தின் சுவரில் உட்கார்ந்து அறிவுச்செல்வனைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தார்.

"இது ஒண்ணு மட்டுந்தானா சார்?"

"மூணு எடுத்தோம் மேடம். மூணும் இப்டித்தான்." அவர் குரல் அவர் குரலாகவே இல்லை. "வச்சதிலேர்ந்து யாருமே எடுக்கல போல. எனக்கு முன்ன இருந்தவர் பாத்திருப்பாருன்னு நான் நெனச்சேன்."

"கணக்குல தகடு இருக்குது. தண்ணியில இல்ல" என்றார் மலர்விழி. சொல்லி முடித்த பிறகுதான் அது அவருக்கே உறைத்தது. எதையும் நம்பாதவர் என்று பேரெடுத்தவர், இத்தனை மாதமும் அந்தத் தகட்டை நம்பித்தான் கணக்குப் போட்டிருந்தார்.

"அந்த மூலையில எவ்ளோ நெரம்பியிருக்குது?"

"பாதி. மீதிய அடுத்த மாசம் ரொப்பறதா இருந்துச்சு." பிறகு அவரே கேட்டார். "முழுசா ரொப்பியிருந்தா மேடம்?"

மலர்விழி சுவரிலிருந்து எழுந்தார். "நடுவுல தகடே இல்லன்னு வச்சிக்கிங்க. ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்து, பழைய பக்கம் தள்ளித் தள்ளி வைங்க. மேல நான் பேசிக்கிறேன். நான் வந்துகினே இருக்கேன்."

கரணை வாங்காமலே ஜீப் திரும்பியது. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் இறக்கிவிடும்போது அண்ணன், "பயப்படற மாதிரியா?" என்றார். "பயப்பட வேண்டியது தெரியாமலே இருந்திருக்கோம்ணா" என்று சொல்லிவிட்டு மலர்விழி பஸ் ஏறினார்.

நிலையத்தில் குளம் எப்போதும்போலத்தான் இருந்தது. கண்ணாடி மாதிரித் தண்ணீர், அடியில் இளநீலமாக ஒரு வெளிச்சம். வருகிறவர்கள் எல்லோரும் அழகு என்று சொல்கிற இடம். மலர்விழி கம்பிவேலியோரம் நின்று, பாரந்தூக்கி ஒவ்வொரு கட்டாகத் தூக்கித் தூரமாக நகர்த்துவதைப் பார்த்தார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. சாப்பாடு வந்தது, தொடவில்லை.

திட்டம் பிறகு திரும்பப் பெறப்பட்டது. சூடு தணிந்த பழைய கட்டுகளைக் குளத்திலிருந்து எடுத்துத் தடித்த காங்கிரீட் கலங்களில் வைப்பதென்று முடிவானது. செலவு அதிகம் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. மேசைமேல் அந்தப் படத்தை வைத்ததும் முணுமுணுப்பு நின்றது.

கடைசிக் கட்டு நகர்ந்த அன்று சாயங்காலம், அறிவுச்செல்வனும் மலர்விழியும் சேர்ந்து வெளியே வந்தார்கள். சட்டையில் மாட்டியிருக்கும் கதிர்வீச்சு அளக்கும் பட்டையை வாசலில் கழற்றித் தட்டில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அறிவுச்செல்வன் பதினாறு வருடமாகப் பார்க்காமலே கழற்றுகிற பட்டை. அன்று அவர் விரல்களுக்குக் கொக்கி பிடிபடவில்லை. சட்டையில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. காவலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

மலர்விழி அருகே போய், அவர் சட்டையிலிருந்து அந்தக் கொக்கியைத் தன் கையால் விடுவித்தார்.