பாக்கி கேட்கப் போனவள் பயந்த கதை

கடன் வசூல் என்றால் கடன்பட்டவர்தான் பயப்படுவார் என்று நினைக்கிறவர்கள், ஒருநாள்கூட அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்க்காதவர்கள். இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் பி.காம். முடித்துவிட்டு, மதுரையில் ஒரு ஏஜென்சி மூலமாகப் பல கம்பெனிகளுக்கு டெம்பரவரியாகப் போனேன். யாராவது பிரசவ லீவில் போனாலோ, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாலோ, ஏஜென்சி மேடம் கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்குப் போன் போடுவார். மறுநாள் காலை முன்பின் தெரியாத நாற்காலியில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களிடம் பாக்கி கேட்டுக்கொண்டிருப்பேன். உங்களிலும் அடுத்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர்கள் இருப்பீர்கள். உங்களுக்குப் புரியும்.

எந்த பஸ்?

முதலில் போனது மோட்டார் உதிரிபாகம் விற்கிற இடம். திருமங்கலத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த ஒருவருக்குப் போன் போடச் சொன்னார்கள். "சத்தமாக் கேளும்மா, நீ பயந்தது தெரிஞ்சா அந்த ஆளு தரமாட்டான்" என்று மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். மேனேஜருக்குப் பயந்தே கத்தினேன். நான் முடித்ததும் அந்தப் பக்கம் இருந்தவர், "பேரு என்ன?" என்றார். ஹேமா என்றேன். "சாயங்காலம் எந்த பஸ்ல வீட்டுக்குப் போவ?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

அன்று பெரியார் பஸ் ஸ்டாண்டில் பூக்காரம்மா கூடையை ஒட்டி நின்றுகொண்டேன். பெரிய மீசை, நகக்கண்ணெல்லாம் கிரீஸ், ஆள் ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்து "ஹேமாவா?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். ஆபீஸ் பூட்டியிருந்ததாம், வாட்ச்மேன் என் சேலை நிறத்தைச் சொல்லி இங்கே அனுப்பியிருக்கிறார். செக் இருந்த கவரை என் கையில் திணித்துவிட்டு, என்னை மேலும் கீழும் பார்த்தார். "போன்ல அம்புட்டுச் சத்தம் போட்டது நீயா? நான் நாப்பது வயசு ஆளையில்ல தேடிக்கிட்டு வாரேன்!"

ஷட்டருக்கு உள்ளே

அடுத்தது கோழித்தீவனக் கம்பெனி. போனுக்கு மசியாதவர்களை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கடைக்கு வேனில் கூட்டிப்போன டிரைவர் பாண்டி அண்ணே, என்னை இறக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். கடைக்காரர் ஒல்லியான மனிதர். நான் பில்லை நீட்டியதும் வாங்கிப் பார்த்தார். வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பாய்ந்து போய் ஷட்டரைத் தரைவரை இழுத்து உள்பக்கமாகப் பூட்டிவிட்டார். நான் உள்ளே, அரை இருட்டு. என் கதை முடிந்தது என்றே நினைத்தேன். கத்த வாயைத் திறந்தேன். அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

வெளியே ஷட்டரைக் காலால் உதைத்தார்கள். "உள்ளதான்டா இருக்கான்" என்றது ஒரு குரல். வட்டிக்கு விடுகிற ஆட்கள். தீவன மூட்டைகளுக்குப் பின்னால் அவரும் நானும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். தவிட்டுத் தூசி மூக்கில் ஏறி, தும்மல் வந்துவிடுமோ என்று முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. "அவங்களும் பாக்கி கேட்டுத்தானே வந்தாங்க?" என்று மெதுவாகக் கேட்டேன். "நீங்க கேட்டா நாளைக்கு வாங்கன்னு சொல்லலாம் தங்கச்சி. அவங்ககிட்ட நாளைக்குன்னு சொன்னா, நாளைக்கு எனக்குக் கை இருக்காது."

வீடு திரும்பாதவர்

பாக்கியைக் கேட்டுவிட்டுத் தூங்க முடியாமல் போனது ஒரு ஜவுளிக் கம்பெனியில். சின்ன அளவில் சேலை வியாபாரம் பார்த்த ஒருவர் வீட்டுக்கு, முந்தின நாள் பேசியதைத் தொடர்ந்து மறுபடி போன் போட்டேன். அவர் மனைவி எடுத்தார். "நேத்து நீங்க பேசுனதுக்கு அப்புறம் வெளிய போனவரு இன்னும் வீட்டுக்கு வரலைம்மா." பிறகு போனைக் கையால் மூடிக்கொண்டு, வீட்டில் யாரிடமோ, "இந்தப் பொண்ணு அவரை என்ன சொல்லிச்சோ" என்று சௌராஷ்டிர மொழியில் சொல்லி அழுதார். எங்கள் வீட்டுப் பேச்சும் அதுதான். "அக்கா, நான் கடுமையா ஒண்ணும் பேசலைக்கா" என்று நானும் அதிலேயே சொன்னேன். நம்ம ஆள் என்று தெரிந்ததும் அவர் அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. நேற்றுப் பேசியதை ஒவ்வொரு வார்த்தையாக நினைத்துப் பார்த்தேன். 'இதுக்கு மேல பொறுக்க முடியாது' என்று சொன்னேனா? கடன் தொல்லையால் தற்கொலை என்று பேப்பரில் அப்போது அடிக்கடி வந்த செய்திகள் கண்முன் வந்தன. பக்கத்து சீட் அக்கவுண்டன்ட், "நீ டெம்பரவரிதானே, உன் பேரெல்லாம் வெளிய வராது" என்று ஆறுதல் சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் உடம்பு சில்லிட்டது.

மறுநாள் காலை நம்பரை இரண்டு தடவை தப்பாக அழுத்தினேன். மூன்றாவது தடவை அவரே எடுத்தார். பணம் புரட்டத் திருப்பரங்குன்றத்தில் மச்சினன் வீட்டுக்குப் போயிருக்கிறார். மச்சினன் வெளியூரிலிருந்து வரும்வரை அங்கேயே காத்துக் கிடந்திருக்கிறார். அந்த வீட்டில் போன் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைக் கேட்டு அவர் சொன்னார்: "நீங்களும் பயந்துட்டீங்களாம்மா? அப்படின்னா உங்க முதலாளிகிட்ட இன்னும் கொஞ்ச நாள் டயம் வாங்கிக் குடுங்க."

ஒரு கையெழுத்து

கடைசியாகப் போனது டைல்ஸ் விற்கிற இடம். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் தங்கமான மனிதர்போல இருந்தார். முதல் நாளே காபி வாங்கித் தந்தார். ஒரு மத்தியானம் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ரொக்கம் கொடுத்ததாக எழுதியிருந்த ஒரு கட்டு வவுச்சர்களை முன்னால் தள்ளி, எல்லாவற்றிலும் நான் பணம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

"சார், இந்தத் தேதிகள்ல நான் இங்க வேலைக்கே வரலையே."

"தேதியை யாரும்மா பாக்குறா? ரெகுலர் ஸ்டாஃப் போட்டா ஆடிட்ல கேள்வி வரும். நீங்க போட்டுட்டுப் போயிருவீங்க." சிரித்துக்கொண்டே பேனாவை என் விரலுக்குள் வைத்தார். வெளியே கீபோர்டு சத்தம் நின்றிருந்தது. எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. போடாவிட்டால் இந்த மாதச் சம்பளம் கிடைக்காது. ஏஜென்சியும் இனிக் கூப்பிடாது. அப்பா ரிட்டயர் ஆகியிருந்த சமயம். பேனா முனை காகிதத்தைத் தொட்டது. என் கை அதற்கு மேல் நகரவில்லை. "பாத்ரூம் போயிட்டு வாரேன் சார்" என்று எழுந்தேன். கைப்பையை எடுத்தால் ஓடுவது தெரிந்துவிடும் என்று அதை என் நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினேன்.

கையில் காசில்லை. ஏஜென்சி வரைக்கும் வெயிலில் நடந்தே போனேன், ஒவ்வொரு ஸ்கூட்டர் சத்தத்துக்கும் திரும்பிப் பார்த்துக்கொண்டு. மேடத்திடம் நடந்ததைச் சொல்லிவிட்டுத் திட்டு வாங்கத் தலையைக் குனிந்தேன். அவர் நிதானமாகத் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "வந்துட்டியா, நல்லதாப் போச்சு. உனக்கு முந்தி அங்க அனுப்புன பொண்ணு கையெழுத்தைப் போட்டுட்டு இன்னும் கோர்ட்டுக்கு அலையுது."

அந்த வருடங்களில் நான் பார்த்த எந்த வேலையும் நிரந்தரமில்லை. பயம் மட்டும் எந்த ஏஜென்சியும் அனுப்பாமலே தினமும் என்னோடு டியூட்டிக்கு வந்தது. ஒருநாள்கூட லீவு போடவில்லை.