அவள் எழுதிக் கொடுத்த வாக்குமூலம்

உயர்தர வகுப்பில் எனக்கு இரசாயனம் விளங்கியது பக்கத்தில் இருந்தவளின் வாயால்தான். ஆசிரியர் கரும்பலகையை நிரப்பிவிட்டுப் போவார். இடைவேளையில் அவள் தன் கொப்பியை என் பக்கம் திருப்பி வைத்து, "இத மனப்பாடமாக்காத புள்ள. ஏன் இப்பிடி வருதெண்டு மட்டும் புடிச்சிக்க, மத்ததெல்லாம் தானா வரும்" என்பாள். வகுப்பில் எப்போதும் முதலாவதாக வந்தவள் அவள். நான் ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வருவேன்.

கல்முனையை ஒட்டிய எங்கள் ஊரில் பிரதான வீதிக்கு மேற்கே வீடென்றால் ஒரு மதிப்பு, கிழக்கே கடற்கரைப் பக்கமென்றால் வேறு மதிப்பு. நாங்கள் மேற்கு. வாப்பா கல்வித் திணைக்களத்தில் அதிகாரி, வயலும் இருந்தது. அவள் கிழக்கு. கரைவலை இழுக்கப் போய்க்கொண்டிருந்த அவளுடைய வாப்பா சுனாமியில் மௌத்தாகிவிட்டார். அவளும் உம்மாவும் வீட்டுத்திட்டத்தில் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். உம்மா சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கீழே வாசலில் அப்பம் சுட்டு விற்பார். மா கரைத்துக் கொடுத்துவிட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தே அவள் படிப்பாள். சில நாட்களில் கொப்பியின் ஓரத்தில் காய்ந்த மா ஒட்டியிருக்கும். அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே எனக்கு விளக்கம் சொல்வாள்.

முதல் தடவை பரீட்சையில் அவள் மருத்துவத்துக்கான வெட்டுப்புள்ளியை மயிரிழையில் தவறவிட்டாள். நான் வெகு தூரத்தில் நின்றேன். அவளுக்குத் தென்பகுதிப் பல்கலைக்கழகம் ஒன்றில் விஞ்ஞான பீடம் கிடைத்தது. உம்மாவின் மூத்த காக்கா, அவளுடைய பெரிய மாமா, வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார்: "வாப்பா இல்லாத கொமருப் புள்ளய அவ்வளவு தூரம் அனுப்பிட்டு ஆரு பாக்கிற?" அவள் எதிர்த்துக் கதைக்கவில்லை. இன்னொரு தடவை எழுதினால் மருத்துவமே கிடைக்கும், மட்டக்களப்பிலேயே படிக்கலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அந்த இரண்டாம் தடவைக்கு வாப்பா என்னை மட்டக்களப்பில் பெயர்பெற்ற ஓர் ஆசிரியரின் வகுப்பில் சேர்த்தார். வெள்ளிக்கிழமை தவிர மற்ற எல்லா நாளும் வீட்டிலிருந்து வேன் போகும். அவளுக்கு அது எட்டாத இடம். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கேற்றுக்கு உள்ளே வரவில்லை.

"டியூட் மட்டும் தாவன் புள்ள. ரெண்டு நாளையில போட்டோக் கொப்பி அடிச்சிட்டுத் தாறன்."

அந்த வகுப்பில் தந்த அச்சுக் குறிப்புகளை எடுக்க நான் உள்ளே போனேன். வாப்பா முன் அறையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே கேட்டார்.

"எங்க கொண்டு போறாய்?"

சொன்னேன்.

"ஒரே மாவட்டம் மகள். மாவட்டத்துக்கெண்டு மருத்துவத்துக்கு இருக்கிற இடமோ கொஞ்சம். அவளுக்கு ஒண்டு கிடைச்சா ஒனக்கு ஒண்டு குறையும். இந்தக் கணக்கு ஒனக்குத் தெரியாதா?"

என் வாப்பா கெட்ட மனிதர் அல்ல. ஏழைப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் சப்பாத்து வாங்கிக் கொடுப்பவர். அன்றைக்கும் அவர் குரலை உயர்த்தவில்லை. நான் வெறுங்கையோடு கேற்றுக்குத் திரும்பிப் போய், "டியூட்ட இன்னொருத்தி கொண்டு போயிட்டாள், வந்ததும் தாறன்" என்றேன். "அவசரமில்ல கா" என்றாள் அவள். அதற்குப் பிறகு இரண்டு தடவை கேட்டாள். மூன்றாம் தடவை கேட்கவில்லை.

அந்த முறை அவளுடைய பெறுபேறு முன்னதைவிடக் குறைந்துபோனது. அடுத்த வருடம் அவளுக்குக் கலியாணம் முடித்து வைத்தார்கள். நான் மூன்றாம் தடவையும் எழுதித் தோற்ற பிறகு வாப்பா வயலில் ஒரு பங்கை விற்று என்னைச் சீனாவுக்கு மருத்துவம் படிக்க அனுப்பினார். ஒரு கொமரை இலங்கையின் தெற்குக்கு அனுப்பக்கூடாதென்று தீர்ப்புக் கிடைத்த அதே ஊரில், என்னை வழியனுப்ப இரண்டு வேன் நிறையச் சொந்தக்காரர் விமான நிலையத்துக்கு வந்தார்கள். எங்களுக்குத் தூரம் ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை.

படித்து முடித்து வந்து, இங்கே பதிவுக்கான பரீட்சையில் இரண்டாம் முறை சித்தியடைந்து, பயிற்சியும் முடித்து, எங்கள் கரையோரத்திலேயே ஒரு வைத்தியசாலையில் நியமனம் பெற்றேன். எது என்று சொல்வதில் பயனில்லை. முதல் நாள் பெண்கள் வாட்டுக்குள் நுழைந்தபோது, கையில் துடைப்பத்தோடு நின்ற ஒருத்தி என்னை உற்றுப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தாள்.

"அடியே! எப்ப வந்த நீ? ஒரு பேச்சுமில்ல!"

அவள்தான். சிற்றூழியர் உடுப்பு, தலையில் இறுக்கிக் கட்டிய முந்தானை. கணவனுக்கு நிலையான தொழில் இல்லை, அரசியல்வாதி ஒருவரின் பட்டியலில் பெயர் போட்டுத் தற்காலிகமாக வேலைக்கு எடுத்திருக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். அவள் என் கையைப் பிடிக்க வந்தாள். பக்கத்தில் நின்ற தாதிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையிலிருந்த நோயாளர் அட்டையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "சுகமா இருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அந்த 'ங்க' போதுமாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து அவள் என்னை டொக்டர் என்று கூப்பிட்டாள். நான் அதைத் திருத்தவில்லை.

ஒன்றரை வருடம் ஒரே வாட்டில் வேலை செய்தோம். கட்டில் துடைப்பது, நோயாளியைத் தள்ளிக்கொண்டு போவது, இரத்த மாதிரிகளை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவது எல்லாம் அவள் வேலை. நோயாளர்கள் அவளிடம்தான் அதிகம் கதைப்பார்கள். ஆளில்லாத நேரத்தில் அவள் கட்டிலின் காலடியில் தொங்கும் அட்டைகளை எடுத்து வாசிப்பதைக் கண்டிருக்கிறேன். என்னைக் கண்டதும் கொளுவிவிட்டு நகர்ந்துவிடுவாள்.

மாரி முடிந்த கையோடு டெங்கு வந்தது. வாட்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். அவர்களில் ஒருத்தி பத்தொன்பது வயது, புடவைக் கடையில் வேலை செய்யும் பிள்ளை. அவளுடைய உம்மா வயல் கூலிக்குப் போகிறவர். பிள்ளையை வாட்டில் விட்டுவிட்டு, பார்வையாளர் நேரம் வரும்வரை வெளியே மரத்தடியில் இருப்பார்.

அன்று காலை அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. பதினொரு மணியிருக்கும். நான் தாதிகளின் மேசையில் எழுதிக்கொண்டிருந்தேன். துடைப்பத்தோடு அவள் வந்து நின்றாள்.

"டொக்டர், அந்தக் கடைக்காரப் புள்ளட கை கால் குளிர்ந்து கிடக்கு. ஒருக்காப் பாருங்க."

"காய்ச்சல் விட்டிட்டுத்தானே."

"விட்டிட்டு. அதுதான் எனக்குப் பயமா இரிக்கி. வயித்துக் குத்தெண்டும் சொல்லுது. பல்ஸையாச்சும் ஒருக்காப் பாருங்க டொக்டர்."

டெங்குவில் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். வேறு யார் வந்து சொல்லியிருந்தாலும் எழும்பி ஓடியிருப்பேன். ஆனால் பக்கத்திலிருந்த தாதி சிரித்துக்கொண்டு, "இவ டொக்டராகியிரிக்க வேண்டிய ஆளாம், சும்மாவா" என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். என் முகம் சூடாகியது.

"நான் பாக்கிறன். நீங்க ஒங்கட வேலயப் பாருங்க."

அவள் அந்தக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போனாள். நான் எழும்பி, வேண்டுமென்றே வாட்டின் மற்ற முனையிலிருந்து நோயாளர்களைப் பார்க்கத் தொடங்கினேன். இதை இத்தனை வருடமாக எவரிடமும் சொன்னதில்லை. அந்தக் கட்டிலுக்கு வந்து சேரும்போது பகல் ஒரு மணி தாண்டிவிட்டது. இரத்த அழுத்தம் கிடைக்கவில்லை. இரண்டு கையிலும் சேலைன் ஏற்றினோம், பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப அம்புலன்ஸ் கேட்டோம். அஸருக்கு முன் அந்தப் பிள்ளை மௌத்தாகிவிட்டது. உம்மாவைக் கூட்டிவரச் சொன்னேன். மரத்தடிக்குப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவள் அவள்தான்.

இரண்டு மணித்தியாலம் பிள்ளையை யாரும் பார்க்கவில்லை என்று சொந்தக்காரர் முறைப்பாடு கொடுத்தார்கள். விசாரணை என்றார்கள். நான் வீட்டுக்கு வந்து அழுதேன். வாப்பா அப்போது ஓய்வு பெற்றிருந்தார். ஆனாலும் அவர் தொலைபேசியில் கூப்பிட்டால் எழும்பி நின்று கதைக்கிறவர்கள் எல்லா அரசாங்கக் கந்தோரிலும் இருந்தார்கள்.

"நீ ஒண்டும் கதைக்காத" என்றார். "கேட்டா மட்டும் பதில் சொல்லு."

மூன்றாம் நாள் நிர்வாக அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். உத்தியோகத்தர் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். அவளுடைய எழுத்து. ஓர் எழுத்துப்பிழை கிடையாது. குருதி மாதிரியை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுசெல்வதில் தன்னுடைய கவனயீனத்தால் இரண்டு மணித்தியாலம் தாமதம் ஏற்பட்டதாகவும், நோயாளியின் நிலை பற்றித் தான் எவருக்கும் அறிவிக்கவில்லை என்றும் எழுதி ஒப்பமிட்டிருந்தாள். அன்றைக்கு அவள் கையில் யாரும் மாதிரி எதுவும் கொடுக்கவே இல்லை. நான்தான் பரிசோதனைக்கு எழுதவில்லையே.

"இத வாசிச்சு, சரியெண்டு நீங்களும் ஒரு ஒப்பம் வைங்க டொக்டர்" என்றார் அவர். "அவக்கும் கஷ்டமொண்டுமில்ல. நிரந்தரமாக்கிற பட்டியல்ல பேர் இரிக்கி. ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோட முடிச்சிருவம்."

நான் ஒப்பமிட்டேன். அன்று என் பக்கத்திலிருந்த தாதியும் தான் எதையும் கேட்கவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

எச்சரிக்கைக் கடிதத்தோடு முடியவில்லை. பத்து நாளில் அவளை நிற்பாட்டினார்கள். தற்காலிக ஊழியர் என்பதால் காரணம் எழுதவேண்டிய தேவைகூட இருக்கவில்லை. பொறுப்பானவரை நீக்கிவிட்டோம் என்று அந்தப் பிள்ளையின் உம்மாவுக்குக் கடிதம் போனது. ஊர் சிறியது. ஒரு கிழமைக்குள் அவள் பெயர் சந்தை முழுதும் அடிபட்டது.

மூன்று மாதம் கழித்து நான் வீட்டுத்திட்டத்துக்குப் போனேன். அவள் வாசலில் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தாள். என்னைக் கண்டு எழும்பவில்லை. உள்ளே வா என்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த தனியார் மருந்தகம் ஒன்றில் இடமிருக்கிறது, கதைத்து வைத்திருக்கிறேன் என்றேன்.

"வேல வேணாம்" என்றாள். மெஷினை நிற்பாட்டினாள். "ஒண்டு கேக்கன். செய்வியா?"

வாட்டில் கண்ட அந்த முதல் நாளுக்குப் பிறகு இப்போதுதான் என்னை அவள் 'நீ' என்று சொன்னாள்.

"சொல்லு."

"அந்தப் புள்ளட உம்மாக்கிட்டப் போய்ச் சொல்லு, நான் ஒனக்கிட்டச் சொன்னனான் எண்டு. வேற ஒண்டும் வேணாம். சந்தையில என்னைக் கண்டா அந்த மனிசி முகத்தத் திருப்பிக்கிட்டுத் துப்புது. என்ட மகளுக்கு முன்னால. அவளும் பள்ளிக்கூடத்தில கேட்டுட்டு வந்து, 'உம்மா, நீங்களா அந்தப் புள்ளய மௌத்தாக்கின?' எண்டு கேக்காள்."

"நீ ஏன் எழுதிக் குடுத்த?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

அவள் கோபப்படவில்லை. "நிரந்தரமாக்குவாங்க எண்டாங்க. எழுதாட்டி அண்டைக்கே போ எண்டாங்க. ஒனக்கு இது விளங்காது புள்ள."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

போவதற்கு எனக்கு நான்கு மாதம் பிடித்தது. அந்த உம்மாவின் வீடு ஊரின் மேற்கு எல்லையில், வயல் தொடங்கும் இடத்தில். சீமெந்து பூசாத கல்வீடு. முற்றத்தில் நெல் காயப்போட்டிருந்தார். தூரத்திலேயே என்னை அடையாளம் கண்டுகொண்டு, கையை முந்தானையில் துடைத்தபடி ஓடிவந்தார்.

"டொக்டர் புள்ளயா? வாங்க மகள், வாங்க. என்ட புள்ளக்காக அண்டைக்கு நீங்க பட்ட பாட்ட நான் மறக்கல்ல. ரெண்டு கையிலயும் சேலைன் ஏத்தினீங்க. ஒவ்வொரு வக்துத் தொழுகையிலயும் ஒங்களுக்காகத் துஆக் கேக்கன். அந்தப் பாழாப்போனவள் மட்டும் நேரத்தோட சொல்லியிருந்தா…"

கதிரையைத் துடைத்துப் போட்டார். தேத்தண்ணி ஊற்றப் போனார். நான் இருந்தேன். அவர் வருவதற்குள் சொல்லவேண்டிய வசனத்தை மனதுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். தேத்தண்ணியோடு தோடம்பழமும் உரித்துக் கொண்டுவந்தார். நான் குடிக்கும்வரை பக்கத்தில் நின்று, மகளைப் பற்றிக் கதைத்தார். கடையில் முதல் சம்பளத்துக்கு அவள் தனக்கு வாங்கிக் கொடுத்த சாரியை உள்ளேயிருந்து எடுத்துவந்து காட்டினார்.

பார்த்தேன். நல்ல சாரி என்றேன். பழத்தையும் சாப்பிட்டுவிட்டு, ஸலாம் சொல்லி எழும்பி வந்தேன்.