பாராட்டெல்லாம் அவருக்கு

நான் கல்லூரியில் சமூகவியல் நடத்துகிறேன். ஆண், பெண் என்பது உடம்போடு முடிகிற விஷயமில்லை, யார் எதைச் செய்தால் ஊர் என்ன சொல்லும் என்பதும் அதில் சேர்ந்ததுதான் என்று வருஷா வருஷம் பாடம் எடுக்கிறேன். அப்படிப்பட்ட நான் என் கணவர்மேல் பொறாமைப்பட்டேன். அதுவும் அவர் எங்கள் மகளுக்குத் தலை பின்னிவிட்டதற்காக.

அவருக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. போன வருஷம் மதிய ஷிப்டுக்கு மாற்றியதும் காலை வேலைகளை அவர் எடுத்துக்கொண்டார். அதற்கு முன் நாலு வருஷமாகச் சமைத்து, மகளைக் குளிப்பாட்டி, மாப்பிள்ளையூரணியில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து பள்ளியில் கொண்டுவிட்டுக் கல்லூரிக்கு ஓடியது நான். ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவர் மகளை ஸ்கூட்டரில் கூட்டிப்போன முதல் வாரமே எதிர்வீட்டு அக்கா என்னை நிறுத்தினார்.

“ஒன் வீட்டுக்காரரு தங்கம்லா! நீ குடுத்துவச்சவ.”

நாசரேத்திலிருந்து என் அம்மா போனில், “மாப்பிள்ளையக் கஷ்டப்படுத்தாதளா, பாவம்லா” என்றாள். பெற்ற அம்மா! மகளோ, “அப்பா பின்னுனா வலிக்காது” என்று என் கையிலிருந்த சீப்பைப் பிடுங்கி அவரிடம் கொடுத்தாள். அன்று கல்லூரியில் எனக்குப் பாடமே ஓடவில்லை.

பிறகு பள்ளியில் மாறுவேடப் போட்டி வைத்தார்கள். மகளுக்கு முத்துக் குளிப்பவர் வேடம். இவரே வலைப்பை தைத்து, சிப்பி பொறுக்கி வந்து வைத்திருந்தார். போட்டி வெள்ளிக்கிழமை. திங்களன்று, அதைப் புதனுக்கு மாற்றியிருப்பதாக என் போனுக்கு மட்டும் செய்தி வந்தது. வாசித்தேன். அவரிடம் சொல்லவில்லை. ஒரு தடவையாவது அவர் சறுக்கட்டும் என்று நினைத்தேன். குழந்தையை நினைக்கவில்லை.

புதன்கிழமை எல்லாரும் வேடத்தில் வர, எங்கள் மகள் மட்டும் யூனிபார்மில் நின்று அழுதிருக்கிறாள். கொண்டுவிட்டது அவர். ஆசிரியை கூப்பிட்டது என்னை.

“என்ன மேடம், நீங்க பாத்திருக்க வேண்டாமா? ஆம்பளைங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?”

குற்றவாளி நான்தான். ஆனால் அது ஆசிரியைக்குத் தெரியாது. தாய் என்பதாலேயே என்னைத் திட்டினார். வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

மறுநாள் காலை அவரிடம் உண்மையைச் சொன்னேன்.

“எம்மேல அப்படி என்ன கோவம்ளா?”

“கோவமில்ல. பொறாமை. நான் செஞ்சப்ப யாரும் திரும்பிப் பாக்கல. ஒங்களப் புகழுதாங்க, நீங்களும் சிரிச்சிக்கிட்டே கேட்டுக்கிடுதீங்க.”

“சரி, அது என் தப்பு” என்றார். “ஆனா பிள்ளய வச்சி வெளாடிட்டியே.”

மகளை மடியில் வைத்து, அம்மாதான் சொல்லாமல் விட்டேன் என்றேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அடுத்த வாரம் எதிர்வீட்டு அக்கா அவரை மறுபடி புகழ்ந்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் சட்டென்று சொன்னார்: “நாலு வருஷமா இவ செஞ்சதத்தான்க்கா நான் இப்ப செய்யுதேன்.”

அக்கா நெகிழ்ந்துபோய் என் பக்கம் திரும்பினார்.

“பாத்தியா, எவ்வளவு தன்மையாப் பேசுதாரு! எந்த ஆம்பள இப்படிச் சொல்லுவான்?”

அவர் திருதிருவென்று என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை.