அக்கா ஏறிய ராக்கெட்

அக்கா வயதுக்கு வந்த அன்று, அவள் ராக்கெட்டில் ஏறிவிட்டதாகத்தான் என்னிடம் சொன்னார்கள். சொன்னவர் அம்மாவின் தம்பி, கோவளத்து மாமா. சலூனில் கிடக்கும் பழைய பத்திரிகைகளை ஒன்று விடாமல் படிப்பவர் என்பதால் எங்கள் குப்பத்துக்கே விஞ்ஞானி அவர்தான்.

தாய்மாமன் முறைக்கு அவரே வாசலில் பச்சைத் தென்னையோலைக் குடிசை கட்டி, குறுக்கே உலக்கையைப் போட்டு, அக்காவை உள்ளே உட்காரவைத்தார். ஓடிப்போய் அவள் மடியில் விழப் பார்த்த என்னை அம்மா பிடித்து இழுத்தாள். அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது. ஊரைக் கூட்டி அழுதேன்.

“இன்னாத்துக்கு அழுவுற? உங்கக்கா ராக்கெட்ல போய்க்கினு கீறா. எறங்குற வரிக்கும் தொடக்கூடாது. நெலாவுக்குப் போய் வந்தவங்களையே தனியா பூட்டித்தான் வச்சாங்க, தெரியுமா?” என்றார் மாமா.

நம்பிவிட்டேன். நம்பாமல் என்ன? தனித் தட்டு, தனி டம்ளர். அம்மா ஊற்றிக் கொடுத்த நல்லெண்ணெய்கூட ராக்கெட்டுக்குத்தான் என்று நினைத்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் ஓலை இடுக்கில் கண்ணை வைத்துக்கொள்வேன்.

“அக்கா, அங்கேர்ந்து இன்னா தெரியுது?”

“நம்ம வூடு கடுகாட்டம் கீது. நீ எறும்பாட்டம் கீற. மூக்கைத் துடை.”

என் தங்க அக்கா. சிரிக்காமல் சொல்லுவாள். கடைசி நாள், எப்போது இறங்குவாய் என்று கேட்டேன்.

“எறங்காம இப்டியே போய்க்கினே இருந்தா நல்லா இருக்கும்டி” என்றாள். அட, நிலா அவ்வளவு அழகா என்று எனக்குப் பொறாமையாகப் போயிற்று.

மறுநாள் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். மாமா குடிசையைப் பிரித்து மணலில் போட்டுக் கொளுத்தினார். அக்கா தாவணியில் உட்கார்ந்து அது எரிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அதே வாசனைதான். அப்பாடா என்றிருந்தது.

திங்கட்கிழமை இருவர் பையையும் நானே எடுத்து வந்தேன். அக்காவின் பையை அம்மா வாங்கிப் பரணில் போட்டாள். “அவ வரமாட்டா. நீ கெளம்பு.”

மாமல்லபுரத்துப் பள்ளியில் அக்காவின் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, ஏன் வரவில்லை என்று விசாரித்தார். எனக்கு ஒரே பெருமை.

“அக்கா நெலாவுக்குப் போய் வந்துகீது டீச்சர். கொஞ்ச நாளிக்கி வெளிய வுட மாட்டாங்க.”

டீச்சர் சிரிக்கவில்லை. எத்தனை நாளைக்கு என்று கேட்டார். மாமாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஓடிவந்துவிட்டேன்.