மாதுவா மொழிபெயர்த்த வழக்கு

என் அண்ணி மாதுவா, புல்வெளியில் அலைந்து திரியும் சகர் குலத்துப் பெண். வண்டியிலேயே பிறந்து வண்டியிலேயே வளர்ந்தவள். ஹிபானிஸ் ஆறு கடலில் கலக்கிற எங்கள் யவன ஊருக்கு அவள் மருமகளாக வந்தபோது தெருவே வாயைப் பிளந்தது. என் அண்ணன் ஹெரோசோன் தோல் வாங்கத்தான் புல்வெளிக்குப் போனான். தோலோடு இவளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

முதலில் அவளும் நானும் கையால்தான் பேசிக்கொண்டோம். ஒருநாள் குடத்திலிருந்து திராட்சை ரசத்தை ஊற்றி, "மெது" என்றேன். அவள் துள்ளி எழுந்து, "மது! மது!" என்று கத்தினாள். அவர்களிடம் தேனில் புளிக்கவைத்த பானத்துக்கு அதுதான் பெயராம். பின்னால் எங்கள் பேச்சு அவளுக்குப் பழகியதும் அதைச் சொல்லியே என்னைச் சீண்டுவாள்.

"ஏடி அர்க்கிப்பே, எங்க வார்த்தைய எப்படி திருடினீங்க?"

"குதிரை திருடுறவங்க நீங்க. எங்களச் சொல்றீங்களா அண்ணி?"

"குதிரைய ஓட்டிட்டுப் போனா தேடி வருவீங்க. வார்த்தைய ஓட்டிட்டு வந்தா நாங்க எங்க போய்த் தேடுறது?"

அப்படித்தான் நானும் சகர் மொழியைக் கற்றேன். அவளோ இரண்டே வருடத்தில் சந்தையின் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டாள். கூட்டவும் மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். ஒருவன் திட்டினால் அந்தத் திட்டும் அதே சூட்டோடு மறுபக்கம் போய்ச் சேரும். இரண்டு பக்கத்தாரும் அவளை நம்பியது அதனால்தான்.

அவளுக்கு ஒரு மூத்த சகோதரன், அர்தார். அவளை இங்கே கூட்டிவந்த பிறகு புல்வெளியில் அவர்கள் கூட்டத்தில்தான் கல்யாணம் நடந்தது. அன்று அவனும் என் அண்ணனும் கட்டைவிரலைக் கீறி, ஒரே கிண்ணத்தில் இரத்தம் சொட்டவிட்டு, கன்னத்தோடு கன்னம் ஒட்டிக் குடித்தார்கள். எங்கள் வீட்டிலிருந்து போனவள் நான் ஒருத்திதான். பக்கத்திலேயே நின்று பார்த்தேன். அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு, "இனிமே நீ எனக்கு ஃப்ராத்தர்டா" என்றான். அர்தார் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். உடன்பிறந்தவனைச் சகர்கள் 'பிராத்தர்' என்பார்கள். எங்களிடமும் ஏறக்குறைய அதே ஒலிதான். ஆனால் எங்கள் ஊரில் அது குலப்பட்டியலில் பெயர் ஏறிய குடிமகனைக் குறிக்கும். அன்றைக்கு யாரும் அந்த வித்தியாசத்தை யோசிக்கவில்லை.

எட்டு வருடம் போயிற்று. புல்வெளியிலிருந்து வந்த ஒரு கூட்டம் எங்கள் களஞ்சியங்கள் இரண்டைக் கொளுத்தியது. ஊர் மனம் கசந்துவிட்டது. சந்தை நாள் தவிர சகர்கள் உள்ளே வரக்கூடாது, குடிமகன் என்று பொய் சொல்லி நுழைகிறவனை அடிமையாக விற்றுவிடலாம் என்று சட்டம் போட்டார்கள். அந்த இலையுதிர் காலத்தில்தான் அண்ணன் மகன் தியோன் பெயரைக் குலப்பட்டியலில் ஏற்ற வேண்டும். 'சகச்சி மகன்தானே' என்று பெரியவர்கள் ஏற்கெனவே முனக ஆரம்பித்திருந்தார்கள்.

அப்போது, சந்தை இல்லாத ஒரு நாளில், அர்தார் தனியாக வாசலுக்கு வந்தான். யார் நீ என்று காவலாளிகள் கேட்டார்கள். தனக்குத் தெரிந்த ஒரே யவனச் சொல்லைச் சொன்னான்: "ஹெரோசோன். ஃப்ராத்தர்." பிடித்துக் கட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலை சந்தை மண்டபத்தில் விசாரணை. மொழிபெயர்க்க அண்ணியை விட்டால் ஆள் இல்லை. கட்டப்பட்டு நிற்பவன் யாரென்று பார்த்ததும் அவள் நடுவரிடம் ஓடினாள்.

"ஐயா, இவன் என்கூடப் பொறந்தவன். எங்க பேச்சுல அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம். அவன் பொய் சொல்லலீங்க."

"பொம்பள சாட்சி இங்க செல்லாதும்மா. கேக்குறத மட்டும் மாத்திச் சொல்லு" என்றார் நடுவர். "எதுக்கு வந்தான்னு கேளு."

அவள் கேட்டாள். அர்தார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான்: "அம்மா போயிட்டா மாதுவா. புல்லு காயறதுக்கு முன்னாடியே போயிட்டா. உங்கிட்ட நேர்ல சொல்லணும்னு வந்தேன்."

அண்ணி அவனை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தாள். நடுவர் மேசையைத் தட்டினார். அவள் நிமிர்ந்து நின்று யவன மொழியில் சொன்னாள்: "அவனோட அம்மா செத்துட்டாங்களாம். அதச் சொல்ல வந்தானாம்."

அடுத்து என் அண்ணனைக் கூப்பிட்டார்கள். "இவன் யாரு ஹெரோசோன்? நீ எப்பவாவது இவன ஃப்ராத்தர்னு கூப்பிட்டிருக்கியா?"

அண்ணன் குலத்துப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தான். சகனோடு இரத்தம் கலந்து குடித்தேன் என்று ஒப்புக்கொண்டால் தியோனின் பெயர் ஏறாது. அது அங்கே எல்லோருக்கும் தெரியும். "இந்த ஆள எனக்குத் தெரியாது" என்றான்.

"அவனுக்குச் சொல்லும்மா" என்றார் நடுவர்.

சொன்னாள். ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல் சொன்னாள். அர்தார் மெதுவாக, "மச்சான் பயந்துட்டான். விடு. ஒம் புள்ள பேரு ஏறட்டும்" என்றான்.

"என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லலீங்க" என்றாள் அண்ணி.

பெண்கள் நிற்கும் இடத்தில் நானும் நின்றிருந்தேன். என் சாட்சியும் செல்லாது, உண்மைதான். ஆனால் கத்தியிருக்கலாம். கத்தவில்லை.

துரத்தி விடுவார்கள் என்றுதான் நினைத்தானாம் அண்ணன். வீட்டுக்கு வந்து சுவரில் முட்டிக்கொண்டு அழுதான். மூன்றாம் நாள் அர்தாரை அடிமையாக விற்று, தெற்கே போகும் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். தியோனின் பெயர் பட்டியலில் ஏறியது.

அன்று முதல் அண்ணி வீட்டுக்குள் யவன மொழி பேசவில்லை. கணவனோடும் இல்லை, மகனோடும் இல்லை. சந்தைக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். நான் நடுவில் நின்று, "அண்ணி, அண்ணன் உப்பு கேக்குது", "அண்ணா, உப்பு தீந்துபோச்சாம்" என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மகன் சகர் மொழி பேசக்கூடாது என்பது அண்ணனின் கட்டளை. தியோன் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வருவான்: "அத்தை, அம்மா என்ன சொல்றாங்க?"

துறைமுகத்தில் மட்டும் அவள் யவன மொழி பேசுவாள், கப்பல்காரர்களிடம். கட்டைவிரலில் தழும்புள்ள, உயரமான சகன் ஒருவனைப் பார்த்தீர்களா என்று கேட்பாள். பதினோராவது வருடம் ஒரு துடுப்புக்காரன் பார்த்ததாகச் சொன்னான். கல் வெட்டுகிற குழியில், முதல் குளிர்காலத்திலேயே செத்துவிட்டானாம்.

அவள் வீட்டுக்கு வந்து தலைமுடியை அறுத்துப்போட்டாள். அடுத்த சந்தை நாளில், புல்வெளிக்குத் திரும்பும் சகர் வண்டி ஒன்றில் ஏறி உட்கார்ந்தாள். தியோனுக்கு அப்போது பதினெட்டு வயது. பின்னாலேயே ஓடிவந்தான். "அத்தை, 'போகாத'ன்னு அவங்க பேச்சுல எப்படிச் சொல்றது?" என்று கேட்டான். சொல்லிக்கொடுத்தேன். நாக்கு புரளாமல் தப்பும் தவறுமாகச் சொன்னான். அவள் குனிந்து அவன் தலையில் கை வைத்து ஏதோ சொன்னாள். வண்டி நகர்ந்தது.

"உன் மேல கோபமில்லயாம்" என்றேன் அவனிடம். "அவங்க அம்மாவுக்கு இன்னும் அழவே இல்லயாம். அழப் போறாங்களாம்."

இரண்டாவது வருடம் அவள் இறந்த செய்தியை ஒரு சகன் சந்தைக்குக் கொண்டுவந்தான். நான்தான் மொழிபெயர்த்தேன். கடைசியில் தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்கச் சொன்னான் அண்ணன். கேட்டேன். அந்த ஆள் இல்லையென்று தலையாட்டினான். அண்ணன் அன்றைக்குத் தோல் எதுவும் வாங்காமல் வீட்டுக்குப் போனான்.